கொஞ்சம் முன்னாடி கொடுங்களேன்!

செக்-இன் பகல் 2 மணி என்று புக்கிங் சீட்டிலேயே போட்டிருக்கும். அவரும் அதைப் படித்திருப்பார். படித்துவிட்டுத்தான் காலை 6 மணிக்கு உங்களையும் உங்கள் குடும்பத்தையும் பெட்டி படுக்கையோடு அந்த ஓட்டல் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருப்பார். கேட்டால், "அதெல்லாம் போய்ப் பேசிக்கலாம் வாங்க" என்பார்.

உங்கள் வீட்டில் அவர் சித்தப்பாவாக இருக்கலாம், மச்சினராக இருக்கலாம், வருஷம் ஒருமுறை ஆபீஸ் டூருக்கு ஏற்பாடு செய்யும் சீனியராக இருக்கலாம். நான் பொதுவாக இந்த ரகத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். என் சகலையைப் பற்றி அல்ல. எழுத வசதியாக இருக்கட்டும் என்று மட்டும் அவரைச் சகலை என்று சொல்லிக்கொள்கிறேன். இதைப் படிக்கும் என் மனைவி இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

இந்த ரகம் கடற்கரை ஊர்களில்தான் செழித்து வளர்கிறது. மலை ஊர் என்றால் ரயிலிலிருந்து இறங்கி, பஸ் பிடித்து, வளைவுகளில் வாந்தி எடுத்து, போய்ச் சேருவதற்குள் மதியம் ஆகிவிடும். வம்புக்கு நேரம் இருக்காது. கடலோரம் அப்படியில்லை. எழும்பூரில் மாலையில் ஏறிப் படுத்தால், விடிகிற நேரத்துக்குக் கன்னியாகுமரியில் இறக்கிவிட்டுவிடுகிறார்கள். ஊர் சூரியோதயத்துக்குப் பேர்போனது. ரயிலும் அதற்கு ஏற்றாற்போல வருகிறது. ஓட்டல் மட்டும் 2 மணி என்கிறது. நடுவில் எட்டு மணி நேரம். மற்றவர்கள் அதில் ஊர் சுற்றுவார்கள். சகலை பேச்சுவார்த்தை நடத்துவார்.

போன அரையாண்டு விடுமுறையில் நாங்கள் ஒன்பது பேர் போனோம். இரண்டு ஜோடி, நான்கு குழந்தைகள், ஒரு மாமியார். பைகள் பதினொன்று. டிசம்பர் கடைசி என்பதால் ஐயப்ப சீசன். சபரிமலைக்குப் போகிறவர்களும் போய்த் திரும்புகிறவர்களும் குமரியை எட்டிப் பார்க்காமல் போவதில்லை. ஊர் முழுக்கக் கறுப்பு வேட்டி. ரிசப்ஷனில் இருந்த பையன் பழக்கதோஷத்தில் எல்லோரையுமே "சாமி" என்றான். கழுத்தில் ஹெட்போனும் முட்டிக்கு மேல் டிராயருமாக நின்ற என் சகலையையும் "சொல்லுங்க சாமி" என்றான்.

"தம்பி, ரெண்டு ரூம் போட்டிருக்கோம். கொஞ்சம் முன்னாடி கொடுங்களேன்."

"ரெண்டு மணிக்குத்தான் சாமி. எல்லா ரூமுலயும் ஆள் இருக்கு, பாத்துக்கிடுங்க. பைய எல்லாம் இங்கயே வச்சிட்டு நீங்க சன்ரைஸ் பாத்துட்டு வந்துருங்க. கீழ பாத்ரூம் இருக்கு, குளிக்கவும் செய்யலாம்."

நியாயமான பேச்சு. கடற்கரை நடந்தால் பத்து நிமிஷம். சூரியன் வர இன்னும் அரை மணி இருந்தது. நான் பையைக் கீழே வைத்துவிட்டேன். சகலை என் தோளைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"சகலை, பையைக் கொடுத்துட்டா அவ்வளவுதான். அப்புறம் நம்மள மறந்துடுவான். பையும் ஆளும் அவன் கண்ணு முன்னாடியே இருக்கணும். போறவன் வர்றவன் எல்லாம் தடுக்கி விழணும். அப்பத்தான் ரூம் வரும்."

பிறகு எங்களை வரிசைப்படுத்தினார். ரிசப்ஷனுக்கு நேர் எதிர் சோபாவில் மாமியார். "அத்தை, கொஞ்சம் அசதியா இருக்கிற மாதிரி சாஞ்சுக்கோங்க. சிரிக்காதீங்க." கடைக்குட்டியைத் தூங்கச் சொன்னார். ரயிலில் இரவெல்லாம் தூங்கிவிட்டு வந்த குழந்தை, தூக்கம் வரவில்லை என்றது. "கண்ணை மட்டும் மூடிக்கோ, ஐஸ்கிரீம்" என்றார். காலை ஆறே காலுக்கு.

எனக்கு என்ன வேஷம் என்பது சற்று நேரம் கழித்துத்தான் தெரிந்தது. இரண்டாவது சுற்றுக்குப் போனவர் ரிசப்ஷன் மேஜையில் முழங்கையை ஊன்றி, என் பக்கம் மெல்லத் தலையசைத்து, குரலைத் தாழ்த்தி, ஆனால் எனக்குக் கேட்கும்படி சொன்னார்: "அவருக்குப் போன மாசம்தான் ஆஞ்சியோ பண்ணிச்சு தம்பி."

எனக்கு இதுவரை பல்லைத் தவிர எதையும் யாரும் தொட்டதில்லை. ஆனால் அந்தப் பையன் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு கருணை. எழுந்து போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தான். நான் நெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு வாங்கிக் குடித்தேன். இனி நான் எப்படி எழுந்து கடற்கரைக்கு விறுவிறுவென்று நடந்து போவது? சூரியன் வரும்வரை அந்த நாற்காலியில் நோயாளியாகவே உட்கார்ந்திருந்தேன். வந்த பிறகும்தான். முக்கடலும் கூடும் ஊரில் அன்றைய சூரியோதயத்தை நான் பார்த்தது, ரிசப்ஷனில் மாட்டியிருந்த காலண்டரில்.

சகலையின் முறைகளில் முதலிடம் ஊர் விசாரிப்புக்கு. 

"தம்பிக்கு எந்த ஊரு?"

"தக்கலை சாமி."

"தக்கலையா! பத்மநாபபுரம் அரண்மனை இருக்கே, அந்தத் தக்கலையா?"

வேறு தக்கலை இருக்கிறதா என்று பையன் யோசித்த மாதிரி இருந்தது. 

"எங்க ஆபீஸ்ல ஒருத்தர் தக்கலைதான். நல்ல மனுஷன்." 

இதற்குப் பையன் என்ன செய்ய வேண்டும் என்று சகலை எதிர்பார்த்தார் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. அந்த நல்ல மனுஷனை முன்னிட்டு 204-ல் தூங்குகிறவர்களை எழுப்பி வெளியே அனுப்ப வேண்டுமா?

இரண்டாவது, உளவு. பழைய லாட்ஜுகளில் மேனேஜர் முதுகுக்குப் பின்னால் சாவிப் பலகை இருக்கும். ஆணியில் சாவி தொங்கினால் அறை காலி. சகலை அந்தக் காலத்தில் தூரத்திலிருந்தே எண்ணிவிட்டு, "மூணு சாவி தொங்குதே" என்று ஆட்டத்தை முடித்துவிடுவாராம். இப்போது அட்டை போட்டால் திறக்கிற பூட்டு வந்து அவர் பிழைப்பைக் கெடுத்துவிட்டது. அதனால் மேஜைமேல் பாதி உடம்பைச் சாய்த்து, கழுத்தைத் திருப்பி, கம்ப்யூட்டர் திரையைப் படிக்கப் பார்த்தார். பையன் திரையைக் கொஞ்சம் திருப்பினான். இவர் இன்னும் கொஞ்சம் சாய்ந்தார். அவன் இன்னும் கொஞ்சம் திருப்பினான். ஒரு கட்டத்தில் திரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. சகலையின் கால்கள் தரையில் இல்லை.

மூன்றாவது, மாமியார். ஏழரை மணிக்கு அந்த ஆயுதத்தை எடுக்கலாம் என்று, "வயசானவங்க தம்பி, சுகர் வேற..." என்று கையை நீட்டிக் காட்டினார். சோபா காலியாக இருந்தது.

வீடே பதறிவிட்டது. பாத்ரூமில் இல்லை. வாசலில் இல்லை. பெரியவன் தெருமுனை வரை ஓடினான். கால் மணி கழித்து 74 வயது மாமியார் நெற்றியில் குங்குமமும் கையில் வாழையிலைத் துண்டில் பூவுமாக, வழியில் வாங்கிய பாசிமணி கழுத்தில் ஆட, சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். பகவதி அம்மனைத் தரிசித்துவிட்டு, அப்படியே மண்டபத்துப் பக்கம் நின்று உதயமும் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சகலை விடமாட்டார் என்று தெரியும்.

"கிழக்கு வாசலை வருஷத்துல சில நாள்தான் திறப்பாங்களாம். மத்த நாளெல்லாம் பூட்டுத்தானாம்" என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மன் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்துக் கப்பல்கள் பாறையில் மோதின, அதனால்தான் அந்த வாசல் அடைப்பு என்று ஊரில் சொல்வது வழக்கம். அம்மன் வாசலே நாள் பார்த்துத்தான் திறக்கிறது. சகலைக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. "அத்தை, இப்படியா பண்ணுவீங்க? பேச்சு ஒரு கட்டத்துக்கு வந்திருந்துச்சு" என்றார்.

"சூரியன் நல்லா இருந்தது மாப்பிள்ளை" என்றார் மாமியார்.

பேச்சு ஒரு கட்டத்துக்கு வந்திருந்தது உண்மைதான். எட்டு மணிக்குச் சகலை டீ வாங்கிக் கொடுத்து, பையனுடைய தங்கச்சி எந்தக் காலேஜில் படிக்கிறாள் என்பதுவரை கேட்டு முடித்திருந்தார். "பாக்கேன் சாமி" என்று அவன் வாயிலிருந்து ஒரு சொல்லும் வந்துவிட்டது. சரியாக அப்போது ஷிப்ட் மாறியது. பையன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வாறேன் சாமி, உடம்பப் பாத்துக்கிடுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனான். அவன் இடத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்து, கம்ப்யூட்டரைப் பழைய கோணத்துக்குத் திருப்பினாள்.

இரண்டு மணி நேரம் தண்ணீர் ஊற்றி வளர்த்த செடியை ஆடு மேய்ந்துவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? சகலை கொஞ்ச நேரம் பேசவே இல்லை. எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. பிறகு வேட்டியை, அதாவது டிராயரை, இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். 

"அம்மாவுக்கு எந்த ஊரு?" 

"நாகர்கோவில் சார்." 

"நாகர்கோவில்ல எங்க?" 

"வடசேரி." 

"வடசேரியா! பஸ் ஸ்டாண்டு இருக்கே..."

அந்தப் பெண் கெட்டிக்காரி. தக்கலைப் பையனைப் போல இரக்கத்தில் நெளியவில்லை, கணக்குச் சொன்னாள். "முப்பது ரூம் சார். பதினொரு மணிக்குத்தான் காலி பண்ணுவாங்க. ஒரு ரூமுக்குப் பெட்ஷீட் மாத்தி, பாத்ரூம் கழுவி, தொடைச்சு எடுக்க அரை மணி ஆகும். ஆள் அஞ்சு பேரு. நீங்களே போட்டுப் பாருங்க." சகலை போட்டுப் பார்த்தார். ஆளுக்கு ஆறு அறை, அறைக்கு அரை மணி, சரியாக மூன்று மணி நேரம். கணக்கு இடித்துக்கொண்டு 2 மணியில் வந்து நின்றது. சகலை பதறவில்லை. 

"சரிம்மா. அப்ப நம்ம ரூமை மொதல்ல பண்ணச் சொல்லுங்க."

அப்போது எங்களைச் சுற்றி இன்னும் மூன்று குடும்பங்கள் பையோடு உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சகலை இருந்தார். நால்வரும் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் அளந்துகொண்டார்கள். ஒருவர் தன் அம்மாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்திருந்தார். சகலை என்னைப் பார்த்தார். ஆஞ்சியோ போதாது என்று அவர் நினைப்பது தெரிந்தது.

ஒன்பதரைக்கு ஒரு திருப்பம். யாரோ ஒரு அறையை முன்கூட்டியே காலி செய்துவிட்டார்களாம். "அரை நாள் வாடகை கொடுத்தா இப்பவே தந்துரலாம் சார்" என்றாள் அந்தப் பெண். 1,500 ரூபாய். பெண்களும் குழந்தைகளும் குளித்துக் கிளம்பிவிடலாம். என் கை சட்டைப்பைக்குப் போய்விட்டது. சகலை என் கையைப் பிடித்தார். முகம் சிவந்துவிட்டது.

"காசு கொடுத்தா அது எர்லி செக்-இன்னா சகலை? அது வாடகை."

இந்த இடத்தில்தான் எனக்கு அவர் விளங்கினார். அவருக்கு அறை முக்கியமே இல்லை. அறையைச் சும்மா வாங்க வேண்டும். அவர் கஞ்சரும் இல்லை. காத்திருந்த நேரத்தில் நாலு முறை டீ, கடைக்குட்டி கண்ணை மூடிய கூலிக்கு ஐஸ்கிரீம், மற்ற மூன்று பேர் அதைப் பார்த்து அழுததற்கு மூன்று ஐஸ்கிரீம், நேந்திரங்காய் சிப்ஸ், பெரியவர்களுக்கு இளநீர், செக்யூரிட்டிக்கு நூறு, ரூம்பாய்க்கு இருநூறு என்று அவர் கையிலிருந்து போனது, டிபன் சேர்க்காமல், 1,740 ரூபாய். நான் உட்கார்ந்தபடியே எழுதி வைத்தேன். நோயாளிக்கு வேறு என்ன வேலை?

அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இல்லாமல் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் லாட்ஜுகளில் 24 மணி நேர செக்-அவுட் என்று போர்டே வைத்திருப்பார்கள். பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. அழுக்கேறிய நீளப் பேரேட்டில் காலை 5.45 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், மறுநாள் 5.45 வரை அறை உங்களுடையது. ரயில் எப்போது வருகிறதோ அப்போது உங்கள் நாள் தொடங்கும். ரயில்வே ஓய்வறையில்கூட 12 மணி, 24 மணி என்று நேரத்தை வைத்துத்தான் வாங்குகிறார்கள். இப்போது கண்ணாடிக் கதவும் வரவேற்பு ஜூஸும் வந்த ஓட்டல்களில் உள்ளே 2, வெளியே 11. விரல் விட்டு எண்ணினால் 21 மணி நேரம். வாங்குவது ஒரு நாள் வாடகை. அந்த மூன்று மணி நேரம் பெட்ஷீட் மாற்ற என்கிறார்கள். என் பெட்ஷீட்டை மாற்ற ஏன் என் நாளில் கைவைக்க வேண்டும்? தென்கோடி ஊருக்கு வருகிறவர்கள் பாதிப்பேர் விடிகாலையில்தான் வந்து இறங்குகிறார்கள் என்பது ஓட்டல் கட்டியவருக்குத் தெரியாதா? இதைத்தான் சகலை கத்திக் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் நானும் எழுந்து பக்கத்தில் நின்றிருப்பேன், ஆஞ்சியோவையும் பொருட்படுத்தாமல். அவரோ, தக்கலையில் எங்க என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் காலையில் எங்களோடு வந்து இறங்கிய ஐயப்பமார்கள் வேனை ஓரமாக நிறுத்தி, கடலில் முழுக்குப் போட்டு, உதயம் பார்த்து, அம்மனைக் கும்பிட்டு, 8 மணிப் படகுக்கு வரிசையில் நின்று விவேகானந்தர் பாறைக்குப் போய், கண்ணாடிப் பாலத்தில் நடந்து வள்ளுவர் காலடியைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்கள். ஒரு அறைகூட எடுக்கவில்லை. ஈர வேட்டியை வேன் ஜன்னலில் கட்டிப் பறக்கவிட்டுக்கொண்டு அவர்கள் கிளம்பியதை நாங்கள் சோபாவிலிருந்து பார்த்தோம். சின்னவள் கையாட்டினாள்.

அறை 2 மணிக்குக் கிடைத்தது. சரியாகச் சொன்னால் 1.50. 

"பாத்தியா, பத்து நிமிஷம் முன்னாடி!" என்றார் சகலை. அந்த முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்தால் யாருக்கும் கோபம் நிற்காது. எனக்கும் நிற்கவில்லை. கடல் தெரிகிற அறையை எங்களுக்குத் தள்ளிவிட்டு, பின்பக்கத்துத் தென்னை தெரிகிறதை அவர் எடுத்துக்கொண்டார். பைகளில் ஏழை அவரே தூக்கினார். என்னை ஒரு துண்டைக்கூடத் தூக்கவிடவில்லை. நடிப்பா, அவரே நம்பிவிட்டாரா, தெரியவில்லை.

"ஒரு அரை மணி கண்ணை மூடிட்டு வர்றேன், படகுக்குப் போயிடலாம்" என்று படுத்தவர், ஏழு மணிக்கு எழுந்தார். படகு 4 மணியோடு சரி. சூரியன் மறைவதையும் இந்த ஊரில் கடலிலேயே பார்க்கலாம் என்பார்கள். பார்க்கலாமாம்.

மறுநாள் விடியற்காலை நான் யாரிடமும் கேட்கவில்லை. மாமியார் காட்டிய வழி. குழந்தைகளை எழுப்பிக்கொண்டு ஐந்தே முக்காலுக்குக் கீழே இறங்கினேன். இரவு ஷிப்டுக்கு வந்திருந்த தக்கலைப் பையன், சின்னவளைத் தூக்கிக்கொண்டு படியில் தாவி இறங்கிய என்னை வாயைத் திறந்துகொண்டு பார்த்தான். அவனுக்கு முன்னால், மேஜையில் முழங்கையை ஊன்றி, ஏற்கெனவே சகலை நின்றுகொண்டிருந்தார்.

"ரயில் சாயங்காலம்தான் தம்பி. பதினொரு மணிக்குக் காலி பண்ணிட்டு ஒன்பது பேரும் எங்க போவோம்? கொஞ்சம் பின்னாடி கொடுக்கிறோமே!"

கடற்கரையில் அன்று மேகம். சூரியன் எந்தப் பக்கம் வந்தது என்றே தெரியவில்லை. ஒரு பாக்கெட் கலர் மணல் வாங்கிக்கொண்டு திரும்பினோம். 

"நான் சொன்னேன்ல, ஒண்ணும் இருக்காதுன்னு" என்றார் சகலை. முந்தின நாள் வானம் துடைத்த மாதிரி இருந்தது. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் எனக்கு அன்று இல்லை. இங்கே சொல்கிறேன்: அண்ணே, என் பிள்ளைகள் பார்த்திருக்க வேண்டிய ஒரு சூரியோதயம் நீங்கள் எனக்குத் தர வேண்டிய பாக்கி.

மே மாதம் புதுச்சேரி என்று முடிவாகியிருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்றரை, நாலு மணி நேரப் பயணம். காலை டிபனை வீட்டிலேயே முடித்துவிட்டு ஒன்பது மணி பஸ் ஏறினால் செக்-இன் நேரத்துக்கு வசதியாகப் போய் இறங்கலாம். சகலை எல்லோருக்கும் இரவு பன்னிரண்டரை பஸ்ஸில் டிக்கெட் போட்டுவிட்டார். ஓட்டல் பீச் ரோட்டில் இருக்கிறது. அந்த ரோட்டில் காலை ஏழரை வரை வண்டி விடமாட்டார்கள். பை பதினொன்று.